சீசாவில் தனியாள் ஆட முடியாது

ஐயா, ஒரு சிறுகதையை மொழிபெயர்த்து வருகிறேன். முடிவெடுக்கத் திணறும் ஒருத்தியின் மனநிலைக்கு ஆங்கில மூலத்தில் ‘சீசா’ என்ற சொல் வினையாக வருகிறது. ‘அவள் மனம் சீசா ஆடியது’ என்று எழுதியிருக்கிறேன். சரியா? ‘இது, அது’ என்னும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து பிறந்தது என்கிறார்களே, உண்மையா? ‘ஏற்ற இறக்கப் பலகை’ என்று போடலாமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சில நாட்களாக நானும் இந்தச் சொல்லைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சுக் கதையை விடுங்கள். இது மரம் அறுப்பவர்களின் சொல் என்பதே அகராதிகள் ஏற்கும் விளக்கம். நீண்ட ரம்பத்தின் இரு முனையிலும் ஆளுக்கொருவராக நின்று இழுக்கும்போது, தாளம் தப்பாமலிருக்கப் பாடிய ஒலி அது. 17ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகிவிட்டது. ரம்பத்தைக் குறிக்கும் ‘சா’வுக்கு முன்னால் ‘சீ’ வந்து ஒட்டிக்கொண்டது. நம் ‘ஏலேலோ ஐலசா’வுக்கு உறவுக்காரச் சொல். பலகைக்குப் பெயரானது அதற்குப் பின்னர்தான்.

‘ஏற்ற இறக்கப் பலகை’ வேண்டாம். சீசா என்றே எழுதுங்கள். கண்ணாடிப் புட்டிக்கும் அந்தப் பெயர் உண்டு என்றாலும் இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும்.

ஆனால் ‘மனம் சீசா ஆடியது’ என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? ‘ஊசலாடியது’ என்று ஒரு சொல் இருக்கிறதே! ஆங்கிலம் இரண்டு அசைவுக்கும் ஒரே சொல்லைப் புழங்குகிறது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஊசல் தொங்குவது, தனியாகவே ஆடும். சீசாவுக்கு எதிர்முனையில் ஆள் வேண்டும். ஒருவர் இறங்குவதால்தான் மற்றவர் ஏறுகிறார். வட்டி விகிதம் ஏறினால் ஏற்கெனவே வெளியான கடன் பத்திரங்களின் விலை இறங்குகிறது, அது சீசா. ஒரு பொருளின் விலை இன்று ஏறி நாளை இறங்கினால் அது வெறும் ஏற்ற இறக்கம். அந்தப் பெண்ணுக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கதையில் தேடுங்கள். யாரும் இல்லையென்றால் சீசாவை எடுத்துவிடுங்கள்.

என் எதிரே அக்கா இருந்தாள். என்னைப்போல் இரண்டு மடங்கு எடை. நான் மேலேயே மாட்டிக்கொண்டு காலை உதறி அழுவேன். ஒருநாள் அவள் எழுந்து, நடு அச்சை நோக்கி நகர்ந்து பாதித் தூரத்தில் உட்கார்ந்தாள். பலகை அசைந்தது. எடையையும் அச்சிலிருந்து உள்ள தூரத்தையும் பெருக்கினால் இரு பக்கமும் சமமாக வரவேண்டும்: 2 மீட்டரில் 20 கிலோ, 1 மீட்டரில் 40 கிலோ. இந்தக் கணக்கைப் பள்ளியில் படித்தபோது எனக்கு அக்காவின் நினைவு வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த இரவில்தான் கணக்கின் மறுபாதி உறைத்தது. பாதித் தூரத்தில் உட்கார்ந்தவர் பாதி உயரம்தான் ஏற முடியும். அன்று மாலை முழுவதும் நான் பறந்துகொண்டிருந்தேன். அக்கா அந்தப் பாதி உயரத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.