நியூத்திரினோ பிதுருதலாகலையையே துளைத்துப் போகுமாமே, அது எங்கிருந்து வருகிறது?

அட்டனில் உயர்தரம் படிக்கிற தம்பி கேட்டது இது. நியூத்திரினோ என்பது எதனோடும் அரிதாகவே மோதுகிற, மின்னேற்றமில்லாத நுண்துகள்; மலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை தம்பி. சூரியனிலிருந்து வருகிற சாதாரண நியூத்திரினோக்கள் பூமியையே ஊடுருவிப் போகும். ஆனால் சக்தி ஏற ஏற மோதும் வாய்ப்பும் கூடும், அதனால் மிக உயர்சக்தி நியூத்திரினோவைப் பூமி விழுங்கிவிடும். அடியிலிருந்து ஏறி வருவது அபூர்வம்.

2023 பெப்ரவரி 13 அன்று சிசிலிக்கு அப்பால், கடலுக்கடியில் 3,450 மீற்றர் ஆழத்தில் இருக்கும் கேஎம்3நெட் என்ற நியூத்திரினோ உணரி பிடித்ததும் ஏறக்குறையக் கிடையாக வந்ததுதான். நேரடியாகத் தெரிந்தது நியூத்திரினோ இல்லை, அது மோதியதில் பிறந்த மியூவோன் (இலத்திரனைப்போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்) தண்ணீருக்குள் ஒளி செல்லும் வேகத்தை முந்திப் பாய்ந்தபோது சிந்திய நீல வெளிச்சம். கணக்கிட்டால் நியூத்திரினோவின் சக்தி சுமார் 220 பெட்டா இலத்திரன்வோல்ட். ஜெனீவாவில் துகள்களை மோதவிடும் பெரிய மோதுவியில் ஒரு புரோத்தனுக்குக் கொடுக்கிற சக்தியைப்போல் 30,000 மடங்கு!

சரி, இவ்வளவு சக்தியோடு வந்ததன் பிறப்பிடம்? உறுதியாகத் தெரியாது, ஊகங்கள்தான். ஒன்று, பிளேசார்கள், அதாவது நம்மை நோக்கித் தாரை பீய்ச்சும் இராட்சதக் கருந்துளைகள். 2017இல் தென் துருவப் பனிக்கட்டிக்குள் இருக்கும் ஐஸ்கியூப் உணரி கண்ட, இதைவிடச் சக்தி குறைந்த ஒன்று அப்படியொரு பிளேசாரின் திசையிலிருந்துதான் வந்தது. இன்னொன்று, விண்வெளியில் பெருவேகத்தில் பாயும் அண்டக் கதிர்ப் புரோத்தன்கள் பெருவெடிப்பின் மிச்ச ஒளியோடு வழியில் மோதிப் பிறப்பிப்பவை. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ஆனால் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐஸ்கியூப்பிற்கு இவ்வளவு சக்தியில் ஒன்றுகூட அகப்படாதது இடிக்கிறது.