தேக்குக் கட்டைத் தளத்தை உடைக்க வேண்டுமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய ஐயா 1920-களில் கட்டிய இரண்டு மாடி வீடு. பங்காளிகள் சேர்ந்து அதை விருந்தினர் தங்கும் விடுதியாக்கப் போகிறார்கள். மேல்மாடி ஹாலில் உணவகம் வைக்க எண்ணம். ஹாலின் தளம் மெட்ராஸ் டெரஸ்: 12 அடி அகலத்துக்கு, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, 4-க்கு 6 அங்குலத் தேக்குக் கட்டைகள். நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கிறது. பார்க்க வந்த ஒரு பொறியாளர், "உடைத்துவிட்டு கான்கிரீட் போடுங்கள், முடியாவிட்டால் மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் ஊற்றிவிடலாம்" என்றாராம். எது சரி என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

மெட்ராஸ் டெரஸில் கட்டைகளின் மேல் ஓரங்குலத் தடிமனுள்ள செங்கற்களை மூலைவாட்டில், குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு அல்லது ஆத்தங்குடிக் கல். இத்தனையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளமே 300 கிலோவைத் தாண்டும் என்பதால், எடையில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை.

இப்போது உங்கள் கட்டைக்கு ஒரு கணக்குப் போடுவோம். பழுதில்லாத தேக்காக இருந்தால், நீங்கள் எழுதிய அளவுக் கட்டைகள் அந்த இடைவெளியில் சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிலோ தாங்கும். தளத்தின் சொந்த எடை 400 போக மிச்சம் 300. எந்த அறைத் தளம் எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரநிலை ஐஎஸ் 875. படுக்கையறைக்கு அது கேட்பது 200 கிலோ, ஆகவே அது தாராளம். உணவகத்துக்கு அதே தரநிலை கேட்பது 400 கிலோ. அது தாங்காது. பொறியாளர் சொன்ன இரண்டு அங்குலக் கான்கிரீட்டை ஊற்றினால் இன்னும் 120 கிலோ போய், மிச்சம் 180 ஆகும். அதாவது பலப்படுத்துகிறேன் என்று செய்த வேலைக்கு அப்புறம் படுக்கையறைக்கே போதாது. அந்தக் கான்கிரீட்டைக் கட்டைகளோடு பிணைத்துக் கணக்கிட்டுப் போட்டால் கதை வேறு. அவர் சொன்னது வெறுமனே மேலே ஊற்றுவதை.

'வீடு பலமாக இருக்கிறதா?' என்று எல்லாரும் கேட்கிறார்கள். எதற்குப் பலம் என்று கேட்டால்தான் விடை வரும். உணவகத்தைக் கீழே இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோங்கள். பந்தி போட்டுச் சாப்பிட்ட இடம்தானே அது? மேல் ஹாலைத் தடுத்து அறைகளாக்குங்கள். தடுப்பு மட்டும் செங்கல்லில் வேண்டாம், மரமோ ஜிப்சம் பலகையோ போதும்.

இந்தக் கணக்கெல்லாம் கட்டை நன்றாக இருந்தால்தான். தொய்வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்த அளவுக் கட்டையில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இயல்பு. ஜாக்கி வைத்து நிமிர்த்தப் போனால்தான் மேலே உள்ள சுண்ணாம்புத் தளம் வெடிக்கும். நான் முதலில் பார்ப்பது கட்டையின் நடுவை அல்ல, சுவருக்குள் நுழையும் முனையை. மழைத்தண்ணீர் சுவரில் இறங்கி, காற்றுப் படாமல், அந்தப் பொந்தில்தான் தங்கும். ஒரு வீட்டில் வெளியே பளபளவென்று எண்ணெய் பூசிய கட்டை. தட்டினால் 'டங்' என்று ஒலிக்க வேண்டியது 'தொப்' என்றது. சுவரோரம் திருப்புளியை அழுத்தினேன், நான்கு அங்குலம் வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போனது. அடுத்த மூன்றடி தூரத்தில் அதே கட்டையில் ஆணி இறங்கவில்லை!

அப்படி முனை மட்டும் இற்றிருந்தால், முதலில் ஒழுக்கை அடையுங்கள். பிறகு கீழே முட்டுக் கொடுத்து, இற்ற பகுதியை வெட்டி, இருபுறமும் இரும்பு சானல் வைத்து போல்ட் போட்டு நீட்டிச் சுவரில் உட்கார வைக்கலாம். முனையைச் சுற்றிச் சிமெண்ட் அடைக்காமல் காற்றுக்கு இடம் விடுங்கள். கொத்தனார் கை தானாகவே அடைக்கப் போகும், பக்கத்தில் நில்லுங்கள்.

முழுவதும் உடைத்துக் கான்கிரீட் போடுவதில் என்ன தப்பு? கட்டைகள் சுவர்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கின்றன. மொத்தமாக உருவினால் உயரமான சுண்ணாம்புச் சுவர்கள் பிடியில்லாமல் நிற்கும். பிறகு தளத்தை உட்கார வைக்கச் சுவரை நீளத்துக்கும் செதுக்க வேண்டும். மொட்டைமாடியில் போட்டால் வெயிலில் கான்கிரீட் நீண்டு சுவரைத் தள்ளும், சேருமிடத்தில் விரிசல் ஓடும். கட்டைகள் பெரும்பாலும் கெட்டுப்போயிருந்தாலும் வழி உண்டு. 2012 ஜனவரியில் தீக்கு இரையான, சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கல்சா மகாலைப் பொதுப்பணித் துறை மெட்ராஸ் டெரஸ் முறையிலேயே புதுப்பித்தது. இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. விடுதி என்றால் அறைக்கொரு குளியலறை கேட்பார்கள். தளத்தின் மேல் எட்டு அங்குலம் உயர்த்திச் செங்கல் ஜல்லி கொட்டிக் குழாய் ஓட்டினால் அதுவே சதுர மீட்டருக்கு 350 கிலோ, கூடவே ஆயுளுக்கும் ஈரம். குளியலறைகளை வீட்டின் பின்பக்கம், தனி அஸ்திவாரத்தில் இரும்புச் சட்டம் எழுப்பி, பழைய சுவரில் சுமை ஏற்றாமல் ஒட்டினாற்போல் கட்டுங்கள். அறையிலிருந்து அங்கே போக, இருக்கும் ஜன்னலையே அதே அகலத்தில் தரைவரை இறக்கிக் கதவாக்கினால் புதிதாகச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. மேலே இருக்கும் பழைய வளைவையோ உத்திரத்தையோ தொடாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டியும் அந்தச் சட்டத்தின் மேலேயே உட்காரட்டும். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். அது மொட்டைமாடியில் நாலைந்து கட்டைகளின் தலையில் விழ வேண்டாம்.