கேபின் பைக்குள் அடங்கும் அழகுப் பொருட்கள்: கேள்வி பதில்

செக்-இன் பெட்டி கிடையாது, கையோடு எடுத்துப் போகும் பை மட்டும்தான் என்று முடிவு செய்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கே: என் ஷாம்பூ பாட்டில் 200 மி.லி. ஆனால் உள்ளே கால்வாசிதான் இருக்கிறது. செக்யூரிட்டியில் விடுவார்களா?

விடமாட்டார்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது கணக்கே இல்லை, பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் அளவுதான் கணக்கு. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளை பானம் போல விமானத்துக்குள் கொண்டுபோகப் போட்ட சதி லண்டனில் பிடிபட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த விதி: ஒவ்வொரு பாட்டிலும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்ந்து 1 லிட்டர் கொள்ளும் ஒரே ஒரு ஜிப் பையில், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி. அந்தப் பை ஏறக்குறைய 20 செ.மீ.க்கு 20 செ.மீ. இருக்கும். மூடி சிரமமில்லாமல் மூட வேண்டும். அதனால் பத்து 100 மி.லி. பாட்டில்கள் கணக்குப்படி சரியாக வந்தாலும் பைக்குள் அடங்காது.

கே: புது ஸ்கேனர்கள் வந்துவிட்டன, இனி 100 மி.லி. விதி இல்லை என்கிறார்களே?

சில விமான நிலையங்களில் மட்டும் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் தளர்வு திரும்பவும் இறுகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் புது ஸ்கேனர் வைத்துத் தளர்த்தியிருந்த விமான நிலையங்களில்கூட 2024 செப்டம்பரில் மறுபடி 100 மி.லி. ஆக்கினார்கள். அப்புறம், கிளம்பும் இடத்தில் விட்டாலும் இடையில் விமானம் மாறும் இடத்திலும் திரும்பி வரும் இடத்திலும் விட வேண்டுமே! பழைய விதிக்கே பை கட்டுங்கள்.

கே: மஸ்காராகூட திரவக் கணக்கில் வருமா? எதுதான் வராது?

வரும். பிசுபிசுப்பது, பரவுவது, பீய்ச்சுவது எல்லாம் திரவக் கணக்குதான்: மஸ்காரா, லிப் கிளாஸ், கிரீம், ஜெல், டூத்பேஸ்ட், தலைக்கு வைக்கும் எண்ணெய், ஸ்ப்ரே டியோடரண்ட், ஸ்ப்ரேயாக வரும் டிரை ஷாம்பூ. சாதாரண லிப்ஸ்டிக், கண் மை பென்சில், பவுடர் காம்பேக்ட், ஷாம்பூ கட்டி, ஸ்டிக் டியோடரண்ட் இவையெல்லாம் பைக்கு வெளியே போகலாம். டப்பாவில் வரும் மேக்கப் நீக்கும் களிம்பு (balm) கெட்டியாகத்தான் இருக்கும். ஆனாலும் அதைக் கிரீம் என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு, அதனால் பைக்குள்ளேயே வையுங்கள்.

கே: ஒரு வாரப் பயணம். கிளென்ஸர், டோனர், இரண்டு சீரம், மாய்ஸ்சரைசர், கண் கிரீம்... எதை விடுவது என்றே தெரியவில்லை.

எதையும் விட வேண்டாம். பாட்டில்களை எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை வேளைக்கு வேண்டும் என்று எண்ணுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக அமைந்துவிடும்.

முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு வேளைக்கு 1 மி.லி. மாய்ஸ்சரைசர் பெரும்பாலானவர்களுக்குத் தாராளம். காலை, இரவு என்று ஏழு நாளைக்கு 14 மி.லி. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் 50 மி.லி. டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு சும்மா போய் சும்மா திரும்பும். கண் கிரீம் ஒரு வேளைக்குப் பட்டாணி அளவுகூட ஆகாது. காண்டாக்ட் லென்ஸ் வைக்கும் டப்பா புதிதாக ஒன்று வாங்குங்கள். இடது பக்கம் கண் கிரீம், வலது பக்கம் இரவு கிரீம். மூடி திருகி மூடுவது, கசியாது, இரண்டு விரல் இடம்தான் பிடிக்கும். மூடியின் மேல் பேனாவால் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். வெள்ளைக் கிரீம்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

டோனரும் மேக்கப் நீக்கும் நீரும்தான் பையை அடைப்பவை. அவற்றுக்குப் பதில், முன்கூட்டியே நனைத்த பஞ்சு வட்டுகளைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் எடுத்துப் போகலாம்.

ஒன்றை மட்டும் வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள்: வைட்டமின் சி சீரம். அது வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகிப் பலன் இழக்கும். அதன் சொந்தப் பாட்டில் 30 மி.லி.தான் இருக்கும், அப்படியே போகட்டும்.

கே: கடற்கரைக்குப் போகிறோம். 100 மி.லி. சன்ஸ்கிரீன் இருவருக்கு நான்கு நாள் வருமா?

வராது. உடல் முழுவதும் ஒரு முறை பூசவே சுமார் 30 மி.லி. ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, தண்ணீரில் இறங்கி ஏறினால் உடனே மறுபடி பூச வேண்டும். அப்படியானால் 100 மி.லி. ஒருவருக்கு மூன்று பூச்சு. "கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிச் சமாளிக்கலாம்" என்று தயவு செய்து நினைக்காதீர்கள். குறைவாகப் பூசினால் பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) உங்கள் தோலுக்குக் கிடைக்காது. தோல் வெந்து போகும்.

முகத்துக்கு உங்களுக்கு ஒத்துப்போகும் 50 மி.லி. டியூபை எடுத்துப் போங்கள். உடலுக்குப் போன இடத்தில் பெரிய பாட்டிலாக வாங்கி, மிச்சத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இடையில் பூசிக்கொள்ள ஒரு சன்ஸ்கிரீன் ஸ்டிக் வைத்திருப்பது நல்லது. ஆனால் ஒரே இழுப்போடு நிறுத்தக்கூடாது, அதே இடத்தில் நான்கைந்து முறை தேய்க்க வேண்டும். சன்ஸ்கிரீனையும் வேறு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றாதீர்கள். அதிலுள்ள சில பொருட்கள் எல்லா பிளாஸ்டிக்கோடும் ஒத்துப்போவதில்லை.

கே: எவ்வளவு இறுக்கி மூடினாலும் விமானத்தில் கசிந்துவிடுகிறது. ஏன்?

உள்ளே இருக்கும் காற்றுதான் காரணம். பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறைகிறது. பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விரிந்து, முன்னால் இருக்கும் ஷாம்பூவை வெளியே தள்ளுகிறது. அதனால் காற்றைக் குறையுங்கள். அமுக்கக்கூடிய பாட்டிலை நிமிர்த்திப் பிடித்து, திரவம் வாய் விளிம்புக்கு வரும்வரை மெல்ல அமுக்கி, அமுக்கியபடியே மூடியைத் திருகுங்கள். பக்கங்கள் லேசாக உள்ளே ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். மேலே போனதும் விரிய இடம் இருக்கும். கண்ணாடிப் பாட்டிலை அமுக்க முடியாது, அதன் வாயில் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மேலே மூடியைத் திருகுங்கள். இறங்கியதும் பவுண்டேஷன் பம்பை முதல் முறை அழுத்தும்போது டிஷ்யூ பேப்பரை அடியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: பவுடருக்கு அளவு உண்டா?

பெரிய டப்பாவாக இருந்தால் உண்டு. அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் 350 மி.லி.க்கு மேற்பட்ட பவுடர் டப்பாவைத் தனியாகச் சோதிப்பார்கள், ஆஸ்திரேலியாவில் சர்வதேச விமானத்தில் டால்கம் போன்ற பவுடர்களுக்கு அதே அளவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். காம்பேக்ட் எல்லாம் இதைவிடச் சிறியது. அது உடையாமல் இருக்க, மூடிக்கும் பவுடருக்கும் நடுவே ஒரு பஞ்சு வட்டு வையுங்கள்.

கே: ஹேர் ஸ்ட்ரெய்ட்னர், ரேஸர், நகவெட்டி?

ஒயர் உள்ள ஸ்ட்ரெய்ட்னருக்குத் தடை இல்லை. ஆனால் அதில் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வேறு மின்னழுத்தம் உள்ள நாட்டில் எரிந்துவிடலாம். பேட்டரியில் ஓடுவதென்றால் விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காஸில் இயங்குவதற்கு மாற்று கார்ட்ரிட்ஜ் (காஸ் அடைத்த குப்பி) கொண்டுபோகவே கூடாது. பிளேடு பிளாஸ்டிக்கில் பதிந்த ரேஸர் போகலாம், தனி பிளேடு போகாது. நகவெட்டியும் புருவம் எடுக்கும் பிளக்கரும் பொதுவாகப் பிரச்சினை இல்லை.

கே: டாக்டர் எழுதிக் கொடுத்த தோல் மருந்து 150 மி.லி.

மருந்துக்குப் பெரும்பாலான நாடுகளில் விலக்கு உண்டு. லேபிளோடு உள்ள அசல் பாட்டில், டாக்டர் சீட்டு இரண்டையும் வைத்துக்கொண்டு, சோதனை தொடங்கும் முன்பே எடுத்துக் காட்டுங்கள்.

கே: விமான நிலையக் கடையில் வாங்கும் சென்ட் பாட்டில்?

கடைக்காரர் சீல் வைத்துத் தரும் பையை, பில்லோடு, கடைசி இடம் போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள். வீட்டிலிருக்கும் சென்டை எடுத்துப் போவதானால் 5 மி.லி. ஸ்ப்ரே குப்பி போதும், சுமார் ஐம்பது முறை அடிக்கலாம்.

கே: ஷாம்பூ கட்டி ஈரத்தில் கொழகொழவென்று ஆகிவிடுகிறதே?

ஓட்டை உள்ள தட்டில் வைத்து உலர விடுங்கள், ஷவர் தண்ணீர் படாத இடமாக. ஊர் திரும்பும் நாளில் காலையில் தலைக்குக் குளிக்காமல் முந்தின நாளே குளித்துவிட்டால், கட்டி இரவு முழுக்கக் காய்ந்துவிடும். அப்படியும் ஈரம் போகவில்லை என்றால், அடுத்த முறை கட்டியை முழுசாக எடுத்துப் போக வேண்டியதில்லை. கிளம்பும்போது கத்தியால் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போங்கள், அங்கேயே தீர்ந்துவிடும்.