பிரித்தானியாவில் வசதியான ஓய்வூதியர்களுக்கும் எதற்கு வின்ரர் ஃபியூவல் காசு, அதாவது குளிர்கால ஹீற்றிங் உதவிக்காசு? வருமான வரம்பு வைத்தால் என்ன பிழை?

பிழை ஒன்றும் இல்லை, வையுங்கள். ஆனால் கோட்டை எங்கே கீறுவது, கோட்டுக்குக் கீழே இருக்கிறேன் என்று யார் போய் நிரூபிப்பது, இந்த இரண்டையும் யோசித்துவிட்டு வையுங்கள். 2024இல் பிரித்தானிய அரசாங்கம் இரண்டையும் யோசிக்காமல் வைத்தது. அதன் விளைவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கேட்டவர் இங்கே பிரித்தானியாவில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், மாதக் கடைசியில் வரி வெட்டுப்பட்டதைப் பார்த்து வயிறு எரிகிறவர் என்று நினைக்கிறேன். எனக்கும் எரியும். லேபருக்கோ கொன்சர்வேற்றிவுக்கோ வக்காலத்து வாங்க நான் வரவில்லை, கொமன்ற்றில் அந்தச் சண்டையைத் தொடங்கவேண்டாம். கென்சிங்ரனில் மாளிகை வைத்திருக்கிற கிழவருக்கு 200 பவுண் கொடுக்கத் தேவையில்லை என்பதில் எனக்கும் உங்களுக்கும் தகராறு இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. குளிர்கால ஹீற்றிங் செலவுக்காக முதியவர்களுக்கு அரசு கொடுக்கும் காசு இது. 1997இல் அப்போதைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுண் தொடங்கியபோது வீட்டுக்கு 20 பவுண், வறியவர்களுக்கு 50. பிறகு 200 ஆனது, 80 வயது தாண்டியவர் இருந்தால் 300. பென்சன் வயது வந்தால் போதும், படிவம் கிடிவம் இல்லாமல் நவம்பர், டிசம்பரில் வங்கியில் விழும். 2024 ஜூலை 29ஆம் திகதி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பாராளுமன்றத்தில் எழும்பி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இனிமேல் பென்சன் கிரெடிட் (வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு ஒரு கோடு வரை நிரப்பிக் கொடுக்கிற காசு) மாதிரி உதவிப்பணம் எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் என்றார். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்குப் போய்க்கொண்டிருந்த காசு அந்தக் குளிருக்கு ஏறக்குறைய 15 இலட்சம் பேரோடு நிற்கும் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது.

இனித்தான் வேடிக்கை. அந்த வருடம் தனியாள் ஒருவருக்குப் பென்சன் கிரெடிட் கோடு வாரம் 218.15 பவுண். அதே அரசு கொடுக்கும் முழுப் புதிய பென்சன் வாரம் 221.20 பவுண். வேறு ஒரு சதம் வருமானம் இல்லாமல், அரசு கொடுக்கிற பென்சனை மட்டும் வைத்துச் சீவிக்கிற ஒருவர் அந்தக் கணக்கில் 'வசதியானவர்'. 3.05 பவுணால்.

கதைக்காக எடுத்த உதாரணம் இல்லை இது, எங்கள் ஊர் அண்ணை ஒருவரின் கதை. 1957இல் பிறந்தவர், எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்தவர். மனைவி தவறிவிட்டா, பிள்ளைகள் இல்லை, ஒற்றை அறை ஃபிளாற்றில் தனியாக இருக்கிறார். முழுப் பென்சனுக்கு 35 வருடம் நஷனல் இன்ஷூரன்ஸ் (சம்பளத்தில் வெட்டுகிற சமூகக் காப்புறுதிச் சந்தா) கட்டியிருக்கவேண்டும். அவருக்கு 34 தான் இருந்தது.

அந்த ஒரு வருடம் எங்கே போனது என்று கேளுங்கள். வந்த புதிதில் எங்கட ஆள் ஒருவரின் பெற்றோல் செட்டில் இரவு வேலை. கையில் காசு. புத்தகத்தில் பெயர் இல்லை, ஸ்டாம்ப், அதாவது அந்த நஷனல் இன்ஷூரன்ஸ், கட்டவில்லை. கேட்டால், "உனக்கு வேலை தந்ததே பெரிய விசயம்." இப்படி ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்குப் பத்து வருடம் கணக்கில் இல்லாமல் போயிருக்கிறது. இன்றைக்கு எழுபது வயதில் பென்சன் காகிதத்தைப் பார்த்துவிட்டு 'ஏன் தம்பி இவ்வளவு குறைவு' என்று என்னிடம் கேட்கிற ஆட்களில் பாதிப்பேரின் பதில் அந்தக் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. அந்த முதலாளிமார் இப்போது ஒன்றுகூடல்களில் முன்வரிசை, பொன்னாடை, சமூகச் சேவையாளர் என்று அறிவிப்பு வேறு. தாமே முன்னேறினவர்கள் என்று மைக்கில் சொல்லும்போது நான் வெளியே போய்த் தேத்தண்ணி குடிப்பேன். சரி, கேள்விக்கு இதற்கும் தொடர்பில்லை என்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது.

ஏனென்றால் அண்ணை அந்த வருடத்துக்குப் பதிலாக, பிற்காலத்தில் விடுபட்ட வருடம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். பென்சன் எடுக்க முதல் எண்ணூறு பவுணுக்கு மேல் கட்டி 35ஐ நிரப்பினார். சட்டப்படி செய்யலாம், அரசாங்கமே செய்யச் சொல்லுகிறது, அந்த நேரத்தில் நல்ல முடிவும்தான். கட்டாமல் விட்டிருந்தால் அந்த வருடக் கணக்கில் வாரம் 214.88 வந்திருக்கும். கோட்டுக்குக் கீழே. குறைகிற 3.27ஐப் பென்சன் கிரெடிட் நிரப்பியிருக்கும், அதோடு வின்ரர் ஃபியூவல் 200, மின்கட்டணத்தில் கழிக்கிற வோம் ஹோம் டிஸ்கவுண்ட் 150 இரண்டும் தானாக வந்திருக்கும். கட்டினதால் வருடத்துக்கு அவருக்குக் கூடினது 158 பவுண் சொச்சம், இழந்தது 350. ஒழுங்காகக் கட்டினவனுக்கு அபராதம்.

அந்த நவம்பரில் அவர் வீட்டில் இருந்துதான் பென்சன் கிரெடிட்டுக்குத் தொலைபேசி எடுத்தோம். உள்ளே கம்பளித் தொப்பியோடு இருந்தார். "நீர் வாறீர் எண்டுதான் ஹீற்றிங் போட்டனான்" என்றார். குசினி ஜன்னல் கட்டில் ஸ்மார்ட் மீற்றரின் சின்னத் திரை, கேத்திலைப் போட்டால் பச்சை மஞ்சளாகிச் சிவப்பாகும். அவருக்கு அந்தச் சிவப்பு பிடிக்காது. விடிய ஒருதரம் தண்ணி கொதிக்கவைத்து இரண்டு பிளாஸ்கில் ஊற்றிவிடுவார், பொழுது படும்வரை தேத்தண்ணி அதிலிருந்துதான். எனக்குத் தந்ததும் அதுதான், ஆறிப்போயிருந்தது.

மறுமுனையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூன்று பவுண் ஐந்து பென்ஸ் கூட என்றது. அண்ணை போனை என்னிடம் இருந்து வாங்கினார். "பிள்ளை, அந்த மூண்டு பவுணை நீங்களே திருப்பி எடுங்கோ, நான் கையெழுத்து வைச்சுத் தாறன்" என்று தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அப்படி விட்டுக்கொடுத்தாலும் வருமானத்தை வேண்டுமென்று குறைத்ததாகக் கணக்கெடுத்து, இருக்கிற மாதிரியே பார்ப்பார்களாம். கதவு இரண்டு பக்கமும் பூட்டு.

சேமிப்புக் கணக்கு இன்னொரு கூத்து. 10,000 பவுண் வரை பரவாயில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண் வருமானம் வருகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த மாமி ஒருவ தன் செத்தவீட்டுச் செலவுக்கென்று 13,000 வைத்திருக்கிறா, பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாதாம். மேலதிக 3,000க்கு வாரம் 6 பவுண், வருடத்துக்கு 312. பத்து வீதத்துக்கு மேல் வட்டி தருகிற வங்கி எது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நானும் போடுகிறேன்.

"உண்மையிலேயே ஏழை என்றால் விண்ணப்பிக்கலாம்தானே" என்று அடுத்ததாக எழுதப்போகிறவருக்கு: தகுதி இருந்தும் பென்சன் கிரெடிட் எடுக்காத குடும்பங்கள் 880,000 வரை இருக்கலாம் என்று அறிவித்த அன்றைக்கு அரசாங்கமே சொன்னது. விண்ணப்பப் படிவத்தில் 243 கேள்விகள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின, ஒன்லைனில் அவ்வளவு இல்லை என்று அமைச்சு மறுத்தது. இருக்கட்டும். ஒன்லைனுக்குப் போகத் தெரிந்த கிழவருக்குத்தான் அந்த மறுப்பும் பொருந்தும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறவர், வங்கிக் காகிதங்களை மகனிடம் காட்ட வெட்கப்படுகிறவர், 'பெனிஃபிற்' என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர், இவர்கள் எல்லாம் கோட்டுக்குக் கீழே இருந்தும் வெளியேதான் நின்றார்கள்.

2025 ஜூனில் அரசாங்கம் பின்வாங்கியது. புதிய கோடு வருடம் 35,000 பவுண். பென்சன்காரர் எல்லோருக்கும் காசு போகும், வருமானம் அதற்கு மேல் உள்ளவரிடம் இருந்து வருமானவரித் திணைக்களம் வரியோடு சேர்த்துத் திருப்பி எடுக்கும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே விலகிக்கொள்ளலாம். ஏறக்குறைய 90 இலட்சம் பேர் இதனால் பயன்பெறுவார்கள் என்றார்கள்.

அப்படியென்றால் எந்த வரம்பு நியாயம் என்று கேட்டால், என் பதில் இந்த வகைதான். எல்லோருக்கும் கொடு, தேவையில்லாதவரிடம் பிறகு எடு. நிரூபிக்கிற வேலை அரசிடம் இருக்கட்டும், வருமானக் கணக்கு ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது. பிளாஸ்கில் தண்ணி ஊற்றிவைக்கிற மனுசனை ஏன் படிவத்தோடு ஓடவிடவேண்டும்?

இதிலும் ஓட்டை இருக்கிறது, நீங்கள் எழுத முன்னம் நானே எழுதுகிறேன். 35,000 வந்தவருக்கு முழுக்காசு, ஒரு பவுண் கூடினால் எல்லாம் போச்சு. படிப்படியாகக் குறைத்திருக்கலாம். தனித்தனி ஆள் வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள், வீட்டு வருமானத்தை இல்லை. கணவன் 34,000, மனைவி 34,000 எடுக்கிற வீட்டுக்குக் காசு வரும், 36,000 எடுக்கிற ஒற்றைக் கைம்பெண்ணிடம் திருப்பி எடுப்பார்கள். அநியாயம்தான். ஆனால் வருமானவரி இங்கே ஆளுக்காள் கணக்கு. வீட்டுக் கணக்குப் பார்க்க வெளிக்கிட்டால் மறுபடியும் படிவம், மறுபடியும் அண்ணை போனில். அந்த அநியாயத்தை நான் பொறுத்துக்கொள்வேன். 36,000 எடுக்கிறவருக்கு 200 பவுண் இல்லாமல் போனால் கோபம் வரும். 11,500 எடுக்கிறவருக்கு இல்லாமல் போனால் குளிரும்.

வருமானம் ஒன்றை மட்டும் வைத்துத் தேவையை அளக்கவும் முடியாது. ஒரே வருமானம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் புதுக் கட்டடத்தில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலோடு இருப்பார், மற்றவர் சுவர் ஈரம் கசியும் விக்ரோரியன் வீட்டில் இருப்பார்.

வரம்பு வரம்பு என்று இவ்வளவு கதைக்கிறவர்கள் பில்லில் இருக்கிற ஸ்ராண்டிங் சார்ஜைப் பற்றி ஏன் மூச்சு விடுவதில்லை? 2024 கடைசியில் கரண்டுக்கும் காஸுக்கும் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 92 பென்ஸ். ஒரு லைற்றும் போடாமல் இருட்டில் இருந்தாலும் வருடத்துக்கு 330 பவுணுக்கு மேல். கொடுக்கிற 200ஐ விடக் கூட. அதை வாங்கும்போது மட்டும் யாருக்கும் வருமான வரம்பு ஞாபகம் வருவதில்லை.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ இப்படி மூன்று நாலு பவுணால் தவறவிட்ட தனிக்கட்டைகள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். நோயால், இயலாமையால் குளிப்பது, உடுப்பது மாதிரித் தன்னைக் கவனிக்கிற வேலைக்கு இன்னொருவரின் உதவி தேவைப்படுகிறது என்றால் அற்றெண்டன்ஸ் அலவன்ஸுக்குப் போடுங்கள். அதற்கு வருமான வரம்பே கிடையாது. அது கிடைத்தால், தனியே இருக்கிறவருக்குப் பெரும்பாலும் பென்சன் கிரெடிட் கோடும் வாரம் எண்பது பவுண் அளவில் மேலே ஏறும், அப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரியாது, யாரும் சொல்வதும் இல்லை.

அண்ணைக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, குளிக்கிற தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்கப் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்துதான் பிடிக்கிறான். படிவத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருக்கிறேன். "மேல் கழுவ ஆக்கள் வேணும் எண்டு வெள்ளைக்காரனுக்கு எழுதவோ? நான் எழுதமாட்டன் தம்பி" என்கிறார். அடுத்த சனிக்கிழமை திரும்பப் போய்க் கேட்கவேண்டும்.