மூலிகை மூலை: எண்ணெயில் ஏன் சிக்கு வாடை?

கே: கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி இலை மூன்றையும் அரைத்துத் தேங்காயெண்ணெயில் போட்டு, பச்சை இறங்கியதும் வடிகட்டி வைத்தேன். மூன்றே வாரத்தில் சிக்கு வாடை. அடியில் கறுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. டிசம்பர் குளிரில் உறைந்ததால் கெட்டுவிட்டதா?
– வாசகி, அல்சூர்

ப: குளிர் மேல் பழி போடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையத்தான் செய்யும், அதனால் கெடாது. கெடுத்தது விழுதில் இருந்த தண்ணீர். பச்சை சில நிமிடங்களில் இறங்கிவிடும். ஈரம் போக நெடுநேரம் ஆகும். நிறத்தைப் பார்த்து அடுப்பை அணைத்தால் இப்படித்தான்.

அரை லிட்டர் எண்ணெய்க்கு அரை லிட்டர் கரிசலாங்கண்ணிச் சாறு, ஒரு பிடி கறிவேப்பிலை விழுது. செம்பருத்தி இலையைப் பச்சையாக அரைத்துப் போடாதீர்கள். அதன் வழவழப்பு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அடியும் பிடிக்கும். நிழலில் காயவைத்துப் போடுங்கள். பொங்கி வழியும், ஆகையால் இரண்டு மடங்கு பெரிய இரும்பு வாணலி வேண்டும். சிறு தீயில் அடியைச் சுரண்டிக் கிளறிக்கொண்டே இருங்கள். சடசடப்பு அடங்கியதும் கசடைக் கொஞ்சம் எடுத்து விரலால் உருட்டுங்கள். திரி போலத் திரண்டு, தீயில் காட்டினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். அதுதான் மெழுகு பதம். படபடவென்று வெடித்தால் ஈரம் பாக்கி. மணலாக உதிர்ந்தால் பதம் தாண்டிவிட்டது, தீய்ந்த வாடை போகாது. இரும்பின் சூடு உடனே தணியாது என்பதால் பதம் வந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வடிகட்டும்போது கசடைப் பிழிந்த எண்ணெயைப் பாட்டிலில் சேர்க்காமல் முதலில் தேய்த்துத் தீர்த்துவிடுங்கள். மற்றதை ஒருநாள் தெளியவிட்டு, மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள். உறைந்தால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினால் போதும். ஈரக் கரண்டி விடக் கூடாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: நரைத்த முடியை இந்த எண்ணெய் கறுப்பாக்காது.

இன்னொரு எச்சரிக்கை. நம் பெங்களூருப் பூங்காக்களில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூக்கும் அழகுச் செடியை மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று பலர் பறிக்கிறார்கள். இலை தடிப்பாக, பளபளப்பாக, மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது மஞ்சள் கரிசலாங்கண்ணி அல்ல. வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணியில் குழப்பமில்லை, கசக்கினால் சாறு கறுக்கும்.

கே: ஏரிக்கரையில் வல்லாரை மண்டிக் கிடக்கிறது. துவையலுக்குப் பறிக்கலாமா?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

ப: வேண்டாம். சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் ஏரி மண்ணிலிருந்து கன உலோகங்களை உறிஞ்சி இலையில் சேர்க்கும் கீரை இது. கழுவினாலும் போகாது. 2015-லும் 2017-லும் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மார்க்கெட்டில் கன்னடத்தில் 'ஒந்தெலகா' என்று கேட்டு, வேரோடு உள்ள கட்டாக வாங்கித் தொட்டியில் நடுங்கள். அரை வெயில், எப்போதும் ஈரம். காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி போல நின்றால் அது வல்லாரை அல்ல. வல்லாரைக்குக் காம்பு சேருமிடத்தில் பிளவு இருக்கும்.

கே: இருமலுக்குச் செய்த ஆடாதொடை மணப்பாகு பத்து நாளில் பூசணம் பிடித்துவிட்டது. சர்க்கரை போட்டும் ஏன்? எட்டு மாதப் பேரனுக்குத் தேன் கலந்து தரலாமா?
– வாசகி, மல்லேஸ்வரம்

ப: இரண்டாவதற்கு முதலில்: கூடாது. ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளிகூட ஆகாது. மணப்பாகும் கைக்குழந்தைக்கு வேண்டாம். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

சர்க்கரை குறைந்தால் பூசணம் வரும். 100 கிராம் இலையை 800 மில்லி தண்ணீரில் 200 மில்லியாக வற்றவைத்து வடிகட்டுங்கள். அதற்கு 400 கிராம் சர்க்கரை, அதாவது கஷாயத்தைப் போல இரு மடங்கு. கையில் ஒட்டும் பாகானதும் இறக்குங்கள். சூட்டோடு மூடி போட்டால் ஆவி நீராகச் சொட்டி மேல்பரப்பைத் தளர்த்தும். பூசணம் அங்கேதான் தொடங்கும். துணி கட்டி ஆறவைத்து மூடுங்கள். பூத்ததை வழித்துவிட்டு மீதியைக் குடிக்காதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு தேக்கரண்டி, வெந்நீரில். கர்ப்பிணிகளுக்கு ஆடாதொடை ஆகாது. இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ சளிப் பரிசோதனை அவசியம்.

கே: பிரண்டைத் துவையல் தொண்டையை அரிக்கிறதே?
– வாசகர், பிரேசர் டவுன்

ப: முற்றிய தண்டைப் போட்டிருப்பீர்கள். நுனிக் கொழுந்து மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை வெட்டி, விளிம்பு நாரை உரியுங்கள். ஒரு கப் துண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பச்சை மாறிச் சுருங்கும்வரை வதக்கி, நெல்லிக்காயளவு புளி வைத்து அரையுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்தால் மறுபடியும் அரிக்கும்.