காயலாங்கடைக்குப் போடக் கூடாத உருண்டை

கேள்வி: 1972-ல் வெள்ளிக் கிரகத்துக்கு அனுப்பிய சோவியத் விண்கலம் பூமியின் சுற்றுப்பாதையிலேயே மாட்டிக்கொண்டு, 2025 மே மாதம்தான் பூமியில் விழுந்ததாகப் படித்தேன். அப்படியொரு துண்டு என் வயலில் விழுந்தால் எனக்குச் சொந்தமா? காயலாங்கடையில் போடலாமா?

பதில்: கூடாது. தொடவும் வேண்டாம்.

நீங்கள் படித்தது காஸ்மாஸ் 482. அதன் ஜோடியான வெனெரா 8 நான்கு நாள் முன்னதாகக் கிளம்பி, வெள்ளியில் இறங்கி, 50 நிமிடம் தகவல் அனுப்பியது. மார்ச் 31-ல் ஏவிய இதற்கோ ராக்கெட்டின் கடைசி அடுக்கு சீக்கிரமே அணைந்துவிட்டது. பூமியின் பிடியை விட்டு வெளியேறவே இல்லை. அப்படி நின்றுபோனவற்றுக்கு சோவியத் யூனியன் 'காஸ்மாஸ்' என்று பொதுப் பெயரும் எண்ணும் கொடுத்துவிடும். தோற்றதைச் சொல்லாமலிருக்க நல்ல ஏற்பாடு!

உங்கள் கேள்வி அப்போதே எழுந்தது. ஏவிய சில நாட்களில் நியூசிலாந்தின் ஆஷ்பர்ட்டன் பக்கம் வயல்களில், அதனுடையவை என்று கருதப்படும் 13.6 கிலோ எடையுள்ள டைட்டானியம் உருண்டைகள் விழுந்தன. ஏவிய நாட்டுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். சோவியத் தரப்போ தங்களுடையது இல்லை என்று கைவிரித்துவிட்டது. அதனால்தான் அவை விவசாயிக்குச் சொந்தமாயின. அந்த அதிர்ஷ்டத்தை நீங்கள் எதிர்பார்க்க முடியாது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, எங்கே விழுந்தாலும் பொருளின் உரிமை மாறாது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடுதான்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை, அந்த உருண்டைக்குள் இருப்பது. பெரும்பாலும் அவை அழுத்தத் தொட்டிகள். டைட்டானியம் உருக 1,600 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் முழுசாகவே வந்து சேரும். உள்ளே வாயுவோ ஹைட்ரஸின் என்ற நச்சு எரிபொருளோ மிச்சமிருக்கலாம். கடைக்காரர் கேஸ் கட்டரை வைத்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

தள்ளி நின்று போட்டோ எடுங்கள், பிள்ளைகளையும் மாடுகளையும் அண்டவிடாதீர்கள், 112-க்கும் வி.ஏ.ஓ.வுக்கும் சொல்லுங்கள். 2022-ல் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் ராக்கெட் வளையமும் உருண்டைகளும் விழுந்தபோது இஸ்ரோ விஞ்ஞானிகளே வந்து பார்த்தார்கள்.

பயிரோ கூரையோ சேதமானால் ஏவிய நாடு இழப்பீடு தர வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. 1978-ல் அணு உலையோடு கனடாவில் விழுந்த காஸ்மாஸ் 954 என்ற சோவியத் செயற்கைக்கோளுக்காக கனடா 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு 30 லட்சம் வாங்கியது. ஆனால் இது அரசு அரசிடம் கேட்கும் பணம். ஆகவே சேதத்தை மறக்காமல் எழுத்தில் பதிவு செய்து, புகார் ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.