சிறிய காருக்கு நல்ல டயர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஸ்விஃப்ட், போலோ, ஐ20 என் லைன் போன்ற கார்களைத் தினமும் வேலைக்கு எடுத்துச் சென்று, விடுமுறை கிடைத்தால் மலைப்பாதையில் ஏற்றுகிறவர்கள் மாற்று டயர் குறித்துக் கேட்ட கேள்விகள் இவை. நம் ஊர்க் கடைகளில் கார்களுக்குக் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே கோடை டயர் வகைதான், அதாவது உறைபனி இல்லாத சாலைக்கானவை. அதற்குள் எதை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 2018 ஸ்விஃப்ட். டயர் அளவு 185/65 ஆர்15. காருடன் வந்த டயர்கள் தேய்ந்துவிட்டன. தினமும் தாம்பரத்திலிருந்து சிறுசேரி போகிறேன், கொஞ்சம் விரட்டித்தான் ஓட்டுவேன். எந்த டயர் வாங்கலாம்?

தம்பி, புதிய காருக்கு டயர் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் மைலேஜையும் விலையையும் முதலில் பார்க்கும். அதனால் சிறிய கார்களுடன் வரும் டயர் பெரும்பாலும் லேசாக உருளும். ஈரத்தில் பிடிப்பது சுமாராக இருக்கும். மாற்றும்போதுதான் அந்தக் குறையைச் சரிசெய்ய நமக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. ஆகவே என் முதல் அளவுகோல் ஒன்றே ஒன்று: மழை பெய்த சாலையில் பிரேக் போட்டால் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது? வளைவில் ஒட்டிக்கொண்டு போவது, ஸ்டியரிங் கூர்மை, சத்தம், ஆயுள் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த வரிசையில் பார்த்தால் மிஷெலின் பிரைமசி 4 எஸ்.டி., கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் யூசி6, யோகோஹாமா புளூஎர்த்-ஜிடி ஆகியவை விசாரிக்க வேண்டியவை. அப்போலோ நிறுவனம் 2009-இல் வாங்கிய டச்சு நிறுவனமான விரெடெஸ்டெய்னின் அல்ட்ராக் இவற்றைவிடக் கொஞ்சம் துடிப்பான குணம் கொண்டது. உங்கள் அளவில் எது இருக்கிறது என்று கடையில்தான் தெரியும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டு மாடல் ஒன்று இன்றைக்கு இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. ஒரே ஒரு மாடலில் மனதை வைத்துவிடாமல் இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அளவுக்கு அடுத்து வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240. நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனால் வி வகை டயரின் கட்டுமானம் பெரும்பாலும் இறுக்கமாக இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் கேட்கும். கார் நிறுவனம் கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணையோ எழுத்தையோ மட்டும் வாங்காதீர்கள்.

இன்னொன்று: வாங்குவதைச் செப்டம்பரில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழைந்து வழுக்கும். அந்த நாளில் முழு ஆழமுள்ள பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரிகள்) காருக்குக் கீழே இருக்க வேண்டும்.

கேள்வி: சார், 205/65 ஆர்15 போட்டால் கார் கம்பீரமாக இருக்கும், பிடிமானமும் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள். என் காரும் ஸ்விஃப்ட்தான். போடலாமா? (கோவை)

வேண்டாம். அது பழைய இன்னோவாவின் அளவு. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். 185 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120.25; மேலும் கீழும் சேர்த்து 240.5. ஆக உங்கள் டயரின் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். இதே கணக்கில் 205/65 போட்டால் 647.5 வருகிறது, 4 சதவீதத்துக்கு மேல் அதிகம். வேகம் காட்டும் மீட்டர் முன்பைவிட அவ்வளவு குறைத்துக் காட்டும். ஒவ்வொரு கியரும் நீண்டுவிடுவதால் சிக்னலில் கிளம்பும்போது இருந்த துள்ளல் போய்விடும். நான்கு பேர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்பக்கம் உரசவும் கூடும்.

அகலம் கூட்ட ஆசை என்றால் 195/60 ஆர்15 போடுங்கள். உயரம் 615 மில்லிமீட்டர், வித்தியாசம் ஒரு சதவீதம்தான். ரிம்மின் உள்பக்கம் அதன் அகலம் அங்குலத்தில் பொறித்திருக்கும். அந்த ரிம்முக்கு 195 பொருந்துமா என்று டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச்சுவர் நெளியும். வளைவில் திருப்பிய அரை நொடி கழித்துத்தான் கார் திரும்பும். பிடிமானத்துக்காகக் காசு கொடுத்துவிட்டு இருந்த கூர்மையையும் இழப்பது எனக்குச் சம்மதமில்லை. 16 அங்குலம் போக விரும்புகிறவர்களுக்கு 195/55 ஆர்16 கச்சிதமாக உட்காரும், உயரம் 620.9 மில்லிமீட்டர். ஆனால் புதிய அலாய் ரிம்முக்கும் சேர்த்துச் செலவு செய்யும் அந்தப் பணத்தில், அதே 15 அங்குலத்தில் ஒரு படி உயர்ந்த டயரையே வாங்குங்கள் என்பேன்.

கேள்வி: ஐயா, போலோ வைத்திருக்கிறேன். இப்போதைக்கு இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது. முன்சக்கரம்தானே இழுக்கிறது, புதியதை முன்னால் போடலாமா? (மதுரை)

பின்னால் போடுங்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் இதை நம்புவதில்லை, அதனால் காரணத்தையும் சொல்கிறேன். ஈரத்தில் முன் டயர் பிடி விட்டால் கார் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டும் பிடித்துவிடும். பின் டயர் பிடி விட்டால் வால் வெளியே வீசிக் கார் சுற்றும். அப்போது பயத்தில் காலை எடுத்தால் பாரம் முன்னால் சாய்ந்து இன்னும் வேகமாகச் சுற்றும். அதைத் திருத்துவது பழகிய கைக்கே சிரமம். குடும்பத்தோடு மழையில் போகும்போது அந்தச் சோதனை வேண்டாம். முன்னால் இருந்து எடுத்த மொட்டை டயர்களை விட்டுவிட்டு, பின்னால் இருந்த ஓரளவு நல்ல இரண்டையும் முன்னால் மாற்றுங்கள். புதியவை பின்னால் போகட்டும். பின்னாலிருந்தவையும் தேய்ந்திருந்தால் இரண்டு மாதம் பொறுத்து நான்கையும் சேர்த்தே வாங்குங்கள், அதுவரை மெதுவாக ஓட்டுங்கள்.

கேள்வி: தேய்ந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வது?

பட்டன்களுக்கு இடையே ஓடும் பள்ளத்தில் குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் விரட்டி ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. புதிய கார் டயரின் பள்ளம் 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தேங்கிய நீரை வெளியே தள்ளும் திறன் நன்றாகவே குறைந்து, கார் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் இறங்கிவிடும். ஆழம் பார்க்கும் கருவி மலிவுதான். ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள். வெளி ஓரம், நடு, உள் ஓரம் மூன்றிலும் வைத்துப் பாருங்கள். உள் ஓரம் மட்டும் கரைந்திருப்பது நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: அண்ணே, தள்ளுபடியில் தருகிறார்கள், ஆனால் பழைய சரக்கோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலம்)

பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், திருப்பிப் பாருங்கள். நிழலில் அடுக்கிவைத்த, ஓராண்டுக்கு உட்பட்ட டயரென்றால் தயங்காமல் எடுக்கலாம். இரண்டு ஆண்டு ஆனதை நல்ல தள்ளுபடி இருந்தால் மட்டும் யோசியுங்கள். கடை வாசலில் வெயிலில் கிடந்தது என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். வெயிலும் சூடும் ரப்பரை இறுக்கிவிடும். நான்கிலும் தேதியைப் படித்த பிறகே ரிம்மில் ஏற்றச் சொல்லுங்கள். பட்டன் மிச்சம் இருந்தாலும் ஆறு ஆண்டானால் மாற்றச் சொல்கின்றன பல கார் நிறுவனங்கள். குறைவாக ஓடும் கார்களுக்கும் ஸ்டெப்னிக்கும் இது முக்கியம்.

கேள்வி: டிரெட்வேர் எண் 200, 400 என்று போட்டிருக்கிறதே, எது நல்லது?

அமெரிக்க முறைப்படி போடும் தேய்மான எண் அது. 100 என்ற அடிப்படை டயரோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். எண் கூடினால் ஆயுள் கூடும். அதற்கு ஈடாக ரப்பர் பெரும்பாலும் இறுகலாக இருக்கும். நிறுவனமே தன் டயருக்கு இட்டுக்கொள்ளும் எண் என்பதால் ஒரு நிறுவனத்தின் 400-ஐ இன்னொன்றின் 400-உடன் ஒப்பிட முடியாது. அதே இடத்தில் டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி எனப் போட்டிருக்கும். ஈரத்தில் நேராக நிற்கும் திறனைச் சொல்வது அது. ஏ-க்குக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது டயர் கீச்சிடுகிறது. காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்கிறான் நண்பன். சரியா, அண்ணா? (நாமக்கல்)

சாலையில் குறைக்காதீர்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுதான் உங்கள் தொடக்கம். காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி ஓரப் பட்டன்மேல் கார் ஏறி நிற்கும். கீச்சொலியும் கூடும், சூடும் ஏறும். இரவு நின்ற காரில், காலையில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பதே உண்மையான அளவு. 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ கூடும். நாமக்கல் வரை ஓட்டி வந்து மதிய வெயிலில் பங்க்கில் பார்த்து, கூடுதலாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் குறைந்த காற்றில்தான் மலை ஏறுவீர்கள்.

கேள்வி: டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா?

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிறது. பனிக்கால டயர் தேவையா?

தேவையில்லை. சுமார் 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகுவது உண்மைதான். ஆனால் ஊட்டியில் அது விடியற்காலை சில மணி நேரம். முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். பனிக்கால டயரை வாங்கி மேட்டுப்பாளையம் வெயிலில் இறக்கினால் அதன் மென்மையான ரப்பர் கரைந்துவிடும்.

கேள்வி: இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்ட இருக்கிறேன். தினசரி டயரிலேயே போகலாமா, சார்? (போரூர்)

தாராளமாகப் போகலாம், முதல் முறைக்கு அதுவே நல்லது. தினசரி டயர் எல்லையை நெருங்கும்போது கத்திச் சொல்லும், காதால் கற்றுக்கொள்ளலாம். புறப்படும் முன் பக்கச்சுவரும் பட்டனும் சேரும் இடத்தில் சாக்கட்டியால் நான்கு டயரிலும் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். சில சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பட்டன் ஓரம் வரை மட்டும் அழிந்திருந்தால் காற்று சரி. பக்கச்சுவர்மேல் இறங்கி அழிந்திருந்தால் காற்றுக் குறைவு, 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ஓரம் தொடவே இல்லை என்றால் கொஞ்சம் இறக்கலாம். சூடான பிரேக்கில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். ஆறியதும் வீல் நட்டுகளை ஸ்பேனரால் சரிபாருங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றைத் தாளில் உள்ள அளவுக்கே கொண்டுவாருங்கள்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கியதில் டயரின் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருக்கிறது. காற்று இறங்கவில்லை. ஓட்டலாமா? (திருச்சி)

ஓட்டாதீர்கள், அம்மா. உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன. இப்போது காற்றைத் தாங்கி நிற்பது ரப்பர் மட்டும்தான். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் உள்பக்கத்திலிருந்து காளான் வடிவ ஒட்டுப் போட்டுப் பல ஆண்டு ஓட்டலாம். பக்கச்சுவருக்கு ஒட்டே இல்லை. இன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். அந்த ரிம் வளைந்திருக்கிறதா என்றும் பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான்கும் புதிதாகப் போட்டேன். கார் வழுக்குவதுபோல் இருக்கிறது, இடப்பக்கமும் இழுக்கிறது. டயர் மோசமா? (வேலூர்)

உடனே டயரைக் குறை சொல்லாதீர்கள். அச்சிலிருந்து எடுக்க வசதியாகப் பூசும் பொருள் புதிய டயரின் மேல் கொஞ்சம் ஒட்டியிருக்கும்; முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டினால் போய்விடும். இழுப்புக்கு இவற்றைப் பாருங்கள். காற்று இரு பக்கமும் ஒரே அளவா? அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தார்களா, அச்சிட்ட தாள் தந்தார்களா? உங்கள் டயர் சமச்சீரற்ற வடிவம் கொண்டதென்றால் ‘வெளிப்பக்கம்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய சுவர் நான்கிலும் வெளியே தெரிகிறதா? அம்புக்குறி உள்ளதென்றால் முன்னோக்கிச் சுழல்கிறதா? எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் பாருங்கள். அம்புக்குறி டயருக்கு மட்டும் இது ஆகாது. இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில்தான் இருக்கிறது. பில்லையும் அலைன்மென்ட் தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.